கூரையில் விழும் மழை: பெர்முடாவின் அன்றாட வரலாறு



பெர்முடா என்றதும் நம்மில் பலருக்குக் கப்பல்களை விழுங்கும் ஒரு முக்கோணம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கதையை இன்று நான் தொடப்போவதில்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் அறுபதாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஓர் ஊர் இருக்கிறது. அவர்களுக்கு நானூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. ஆளுநர்கள், கோட்டைகள், பீரங்கிகள், கடற்படைத் தளம் என்று அந்த வரலாற்றின் ஒரு பாதியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. மறுபாதி வீட்டுக் கூரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் உப்புப் பாத்தியிலும் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவிலும் கிடக்கிறது. அந்த மறுபாதியைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தீவைக் கட்டியவர்கள் யார் என்ற கேள்விக்குச் சரியான விடை அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். வட அட்லாண்டிக் பெருங்கடலில், அமெரிக்காவின் வட கரோலினாக் கரைக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் பெர்முடா இருக்கிறது. பரப்பு 54 சதுர கிலோமீட்டர்தான். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறு நிலம் கிடையாது. வடக்கே தள்ளியிருந்தாலும் வளைகுடா நீரோட்டத்தின் வெப்பம் தீவை உறைபனியிலிருந்து காக்கிறது. அதனால் அங்கே வாழை விளைகிறது, கடலில் பவளப்பாறை வளர்கிறது. அணைந்துபோன எரிமலை ஒன்றின் தலைமேல், காற்று கொண்டுவந்து குவித்த சுண்ணாம்பு மணல் இறுகிக் கல்லானதுதான் அந்த நிலம். அந்தக் கல் மழைநீரைத் தன்மேல் நிற்கவிடாது, உறிஞ்சிவிடும். ஆகவே ஆறு கிடையாது, ஓடை கிடையாது, நன்னீர் ஏரியும் கிடையாது.

ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் ஊர்களில் பலவற்றைவிட இது அதிகம். நமக்கு இரண்டு மூன்று மாதத்தில் கொட்டித் தீர்ப்பது அங்கே பன்னிரண்டு மாதத்துக்கும் பரவிப் பெய்கிறது. பெய்யும் மழையை மண்ணில் விழுவதற்கு முன்பே பிடித்துவிட வேண்டும். இதைக் கண்டுகொண்ட நாளிலிருந்துதான் பெர்முடாவின் வீடு பெர்முடாவின் வீடாயிற்று.

அந்த வீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 1609இல் வர்ஜீனியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ‘சீ வென்ச்சர்’ என்ற ஆங்கிலக் கப்பல் புயலில் சிக்கி இந்தத் தீவின் பாறைகளில் மாட்டிக்கொண்டது. அதில் இருந்தவர்கள் கரையேறிப் பிழைத்தார்கள். 1612இல் ஆங்கிலேயர்கள் நிரந்தரமாகக் குடியேறினார்கள். முதல் வீடுகள் மரச்சட்டமும் ஓலைக்கூரையுமாக இருந்தன. தீவுக்கே உரிய பல்மெட்டோ என்ற பனையின் ஓலை அது. நம் பனையைப் போலவே அந்தப் பனையும் கூரைக்கு ஓலை, தொப்பிக்கும் கூடைக்கும் பின்னல், குடிக்கக் கள் என்று எல்லாம் கொடுத்தது. அந்தக் கள்ளுக்கு அங்கே ‘பிபி’ என்று பெயர். ஆனால் அட்லாண்டிக் புயலுக்கு ஓலை தாங்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்த பெரும் சூறாவளிகளுக்குப் பிறகு தீவு கல்லுக்கு மாறியது.

அந்தக் கல் வெட்டும்போது மென்மையாக இருக்கும். கையால் இழுக்கும் ரம்பத்தால் மரத்தை அறுப்பதுபோல் அறுத்துவிடலாம். வெளிக்காற்றுப் பட்டுக் காயக் காய இறுகும். வீடு கட்டும் மனையிலேயே கல்லை அறுத்தெடுத்தார்கள். அறுத்த இடத்தில் பள்ளம் விழும். பல இடங்களில் அந்தப் பள்ளமே நிலத்தடித் தொட்டியாயிற்று. அறுத்த கல்லில் சுவர் எழுந்தது. மெல்லிய பலகைகளாக அறுத்த கல், செடார் மரச் சட்டங்களின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபடியாக அடுக்கப்பட்டுக் கூரையாயிற்று. எஞ்சிய கல்லைக் காளவாயில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கூரைக்கு வெள்ளையடித்தார்கள். சுவர், கூரை, தொட்டி, சுண்ணாம்பு நான்கும் ஒரே கல்லிலிருந்து வந்தன.

கூரையின் படிகள் அழகுக்காக வைத்தவை என்று பயணிகள் நினைக்கிறார்கள். பெருமழை கொட்டும்போது நீர் ஒரேயடியாகப் பாய்ந்து கீழே சிந்திவிடாமல் படிக்குப் படி வேகம் குறைந்து இறங்குவதற்காக வைத்தவை அவை. கூரையின் ஓரத்தில் கல்லாலேயே ஒரு வரம்பு கட்டியிருப்பார்கள். அந்த வரம்பு நீரைக் குழாய் வாய்க்கு ஒதுக்கிவிடும், குழாய் தொட்டிக்குள் இறக்கிவிடும். சுண்ணாம்பு கிருமியைக் கட்டுப்படுத்தும், வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். கல்லின் கனம் புயலில் கூரையைப் பிடித்து நிறுத்தும். ஒரே கூரைக்கு இத்தனை வேலை!

இன்று சுண்ணாம்புக்குப் பதில் பெயின்ட் வந்துவிட்டது. மற்றபடி முறை மாறவில்லை. தொட்டி இல்லாமல் வீடு கட்டக் கூடாது, கூரையின் பெரும்பகுதி நீர் பிடிக்கும்படி இருக்க வேண்டும், குறித்த காலத்துக்குள் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. கொசுப் புழுவைத் தின்னச் சிறு மீன்களைத் தொட்டிக்குள் விடும் வழக்கமும் உண்டு. சூறாவளி வருகிறதென்றால் அந்த ஊரார் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று தொட்டிக்குப் போகும் குழாயை அடைப்பது. காற்று அள்ளிவரும் கடல்நீர் உள்ளே போய்விட்டால் பல வாரக் குடிநீர் கெட்டுவிடும் அல்லவா? புயல் வருமா வராதா என்று பார்க்கவும் ஒரு பழைய வழி வைத்திருந்தார்கள். சுறாவின் ஈரல் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தொங்கவிடுவார்கள். எண்ணெய் தெளிந்திருந்தால் நல்ல வானிலை, கலங்கினால் புயல் நெருங்குகிறது என்பது மீனவர் நம்பிக்கை.

இந்த ஏற்பாட்டில் என்னை மிகவும் கவர்வது, தண்ணீருக்கு அரசின் குழாயை எதிர்பார்க்காமல் ஒவ்வொரு வீடும் தனக்கான நீரைத் தானே தேடிக்கொண்ட விதம். நிலத்தடி நன்னீரை எடுத்துக் குழாயில் விற்கும் நிறுவனம் 1930களில்தான் தோன்றியது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் அதற்கும் பிறகு வந்தன. அதற்கு முன் மூன்று நூற்றாண்டுகள் தீவு பெரும்பாலும் கூரை நீரில்தான் வாழ்ந்தது. இன்றும் அங்கே வளரும் குழந்தை, மழை பெய்தால் மகிழ்ச்சி, பெய்யாவிட்டால் குளியலைச் சுருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டுதான் வளர்கிறது. தொட்டி வற்றினால் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டும்.

இனிக் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கல்லை அறுத்தது யார் என்பது.

பெர்முடாவின் பழைய வீடுகளைப் பற்றிய அழகிய படப் புத்தகங்களைப் பார்த்தால், வீட்டின் பெயர், கட்டிய ஆண்டு, சொந்தக்காரக் குடும்பத்தின் பெயர் எல்லாம் இருக்கும். ரம்பம் பிடித்த கைகளின் பெயர் அரிதாகவே இருக்கும். 1616இலேயே முத்துக் குளிப்பதற்கென்று ஓர் ஆப்பிரிக்கரையும் ஒரு செவ்விந்தியரையும் கொண்டுவந்து இறக்கினார்கள். அவ்வளவாக முத்து கிடைக்கவில்லை. ஆனால் மனிதர்களைக் கொண்டுவருவது நிற்கவில்லை. வட அமெரிக்காவில் போரில் தோற்கடிக்கப்பட்ட பழங்குடியினரையும் அடிமைகளாக இங்கே கொண்டுவந்தார்கள். பெர்முடாவைச் சேர்ந்த செயின்ட் டேவிட்ஸ் தீவுக்காரர்கள் தங்கள் முன்னோரில் அவர்களும் உண்டு என்று இன்றும் சொல்கிறார்கள். நிலம் சிறியது, புகையிலைப் பயிர் வெற்றி பெறவில்லை. ஆகவே கரும்புத் தோட்டத் தீவுகளில் இருந்ததைப்போல் ஆயிரக்கணக்கானோர் ஒரே வயலில் உழைக்கும் அடிமைமுறை இங்கே உருவாகவில்லை. அதற்குப் பதிலாகக் கொத்தனார், தச்சர், மரம் அறுப்பவர், மாலுமி, மீனவர், துணி துவைப்பவர், சமையல் செய்பவர் என்று ஊரின் எல்லாத் தொழிலிலும் அடிமைகள் இருந்தார்கள். 1820களிலும் 1830களிலும் எடுத்த அடிமைப் பதிவேடுகளில் பெயர், வயது, தொழில் என்று ஒவ்வொருவராக எழுதிவைத்திருக்கிறார்கள். சொத்தைக் கணக்கெடுப்பதற்காக எழுதப்பட்ட ஏடு அது. இன்று அந்தத் தீவில் தன் பாட்டனாரின் பாட்டனாரைத் தேடும் ஒருவருக்கு அதுவே முதல் ஆவணம்.

அடிமைமுறை இங்கே இலேசாக இருந்தது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. அதை மறுக்க ஒரு பெண்ணின் வாழ்க்கையே போதும். மேரி பிரின்ஸ் 1788இல் பெர்முடாவின் டெவன்ஷயர் பகுதியில், பிராக்கிஷ் பாண்ட் என்ற இடத்தில் பிறந்தார். தந்தை மரம் அறுப்பவர், தாய் வீட்டுவேலைக்காரி, இருவருமே அடிமைகள். பன்னிரண்டு வயதளவில் அவரைத் தங்கைகளோடு சந்தையில் நிறுத்தி விற்றார்கள். தாயே பிள்ளைகளை விற்பனைக்கு உடுத்தி அழைத்துப் போக வேண்டியிருந்தது. புதிய எசமானர் வீட்டில் துவைப்பது, சமைப்பது, மாடு கறப்பது, குழந்தை பார்ப்பது எல்லாம் அவர் தலையில் விழுந்தன, அடியும் விழுந்தது. பிறகு டர்க்ஸ் தீவுகளுக்கு உப்பு வார அனுப்பினார்கள்.

டர்க்ஸ் தீவுகள் பெர்முடாவுக்குத் தெற்கே வெகு தொலைவில் உள்ளவை. 1670களிலிருந்தே பெர்முடாக்காரர்கள் பருவம் பார்த்து அங்கே போய் உப்பெடுத்தார்கள். உப்பள வேலை என்றால் என்னவென்று நம்மில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழங்கால் அளவு உப்புநீரில் விடியுமுன் இறங்கி நின்று, வெயில் ஏறும் வரை வாரி, சிறிது சோளக் கஞ்சி குடித்து, மறுபடி இறங்க வேண்டும் என்று மேரி விவரிக்கிறார். காலில் கொப்புளம் வந்து எலும்பு வரை அரித்துவிடும். அந்த உப்பில் பத்தாண்டுகள் அவர் வாழ்வு கழிந்தது. பின்னர் ஆன்டிகுவா, அங்கிருந்து 1828இல் லண்டன். 1831இல் அவர் தன் கதையைச் சொல்ல, ஒரு பெண் எழுத்தில் வடித்துக் கொடுக்க, நூலாக வெளிவந்தது. கறுப்பினப் பெண் ஒருவரின் வாழ்க்கை வரலாறு பிரிட்டனில் அச்சேறியது அதுவே முதன்முறை. பெர்முடாவின் அன்றாட வாழ்வுக்கு அந்தச் சிறு நூலைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. சமையலறையும் துவைதுறையும் உப்புப் பாத்தியும் அதில் வேலை செய்தவரின் வாயிலிருந்தே வருகின்றன.

அந்த உப்பு எங்கே போயிற்று? வட அமெரிக்காவின் துறைமுகங்களுக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் மீன்பிடித் துறைகளுக்கும் போயிற்று. அங்கே காட் என்னும் மீனை உப்பிட்டுக் கருவாடாக்கினார்கள். அந்தக் கருவாடு மலிவான உணவாகத் தெற்கே தீவுகளுக்குத் திரும்பி வந்தது. உப்பு வாரியவரின் தட்டில் அதே உப்பு மீனாக வந்து விழுந்தது என்று சொல்லலாம். இன்றும் பெர்முடாவில் ஞாயிற்றுக்கிழமைக் காலை உணவு என்றால் அவித்த காட் கருவாடு, அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், வெண்ணெய்ப்பழம், மேலே தக்காளிக் குழம்பு அல்லது முட்டைச் சாறு. பணக்காரர் வீடு, ஏழை வீடு என்ற வேறுபாடு இல்லை. புனித வெள்ளியன்று அதே கருவாடு அடையாகிறது. வானமெங்கும் பட்டம் பறக்கும் நாள் அது. அந்தத் தட்டை இரண்டு கடல்களின் வணிக வரலாறாகவே நான் பார்க்கிறேன்.

உப்போடு கப்பலையும் சொல்ல வேண்டும். தீவில் முன்பு அடர்ந்து வளர்ந்த பெர்முடா செடார் கப்பல் கட்ட ஏற்றது. இலேசானது, உளுக்காதது. 1684இல் தீவை ஆண்ட வணிகக் கம்பெனியின் உரிமை பறிபோன பிறகு மக்கள் புகையிலையை விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பினார்கள். தீவின் வேகமான பாய்க்கப்பல்கள் அட்லாண்டிக் எங்கும் பெயர் பெற்றன. அவற்றைக் கட்டியவர்களிலும் ஓட்டியவர்களிலும் அடிமைகள் பெருந்தொகையாக இருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திரப் போரின் காலத்தில் ‘ரெகுலேட்டர்’ என்ற பெர்முடாக் கப்பலை அமெரிக்கர் பிடித்தார்கள். அதில் இருந்த அடிமை மாலுமிகள் எழுபது பேருக்கும் பாஸ்டனில் விடுதலை தருவதாகச் சொன்னார்கள். எழுபது பேரும் மறுத்துப் போர்க்கைதிகளாகவே இருக்கச் சம்மதித்தார்கள். கைதிகளாக நியூயார்க்குக்கு அனுப்பிய கப்பலைக் கைப்பற்றி அதிலேயே ஊர் திரும்பினார்கள்.

இந்த நிகழ்ச்சியை அடிமைமுறை இலேசானது என்பதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. மனைவியும் பிள்ளையும் தாயும் தீவில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு யாரென்றே தெரியாத ஊரில் தனியாகச் சுதந்திரமாக இருப்பதா என்ற கேள்வி அந்த எழுபது பேர் முன்னால் இருந்தது. அவர்கள் எடுத்த முடிவில் எசமானர்மேல் உள்ள பற்றைவிடக் குடும்பத்தின் மேலுள்ள பற்றுதான் எனக்குத் தெரிகிறது.

1795இல் ஜெம்மி டாரல் என்ற அடிமை மாலுமி, பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றைப் பவளப்பாறைகளுக்கு ஊடே பத்திரமாகத் துறைக்குள் கொண்டுவந்தார். அந்தத் திறமைக்காக மறு ஆண்டு அவருக்கு விடுதலை கிடைத்தது. செயின்ட் ஜார்ஜ் நகரில் அவர் சொந்தமாக வாங்கிய வீடு இன்றும் இருக்கிறது. தீவில் கறுப்பினத்தவர் ஒருவர் சொந்தமாக வீடு வைத்திருந்தது அதுவே முதன்முறை என்று குறிப்பிடுகிறார்கள்.

1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அடிமைமுறை ஒழிந்தது. மற்றப் பல குடியேற்றங்களில் விடுதலை பெற்றவர்களைச் சில ஆண்டுகள் பழைய எசமானரிடமே வேலை செய்ய வைத்தார்கள். பெர்முடாவில் அந்த இடைக்காலம் வைக்கப்படவில்லை, அன்றே முழு விடுதலை. ஆனால் அதே காலத்தில் வாக்களிக்கத் தேவையான சொத்து மதிப்பை உயர்த்திவிட்டார்கள். இழப்பீடு எசமானர்களுக்குப் போயிற்று, உழைத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிலமும் பணமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒன்றுகூடினார்கள். ‘நட்புறவுச் சங்கங்கள்’ என்ற பெயரில் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, நோய்க்கும் சாவுக்கும் விதவைக்கும் உதவினார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். அரசின் பதிவுகளைவிட அந்தச் சங்கங்களின் கணக்கேடுகளில்தான் மக்களின் 19ஆம் நூற்றாண்டு இருக்கிறது.

அந்தச் சங்கத்தார் ஆண்டுதோறும் விடுதலை நாளைக் கொண்டாடச் சுற்றுலா போனார்கள், அங்கே கிரிக்கெட் ஆடினார்கள். அதுவே 1902 முதல் ‘கப் மேட்ச்’ என்ற ஆண்டுப் போட்டியாயிற்று. கிழக்குக் கோடியின் செயின்ட் ஜார்ஜுக்கும் மேற்குக் கோடியின் சாமர்செட்டுக்கும் நடக்கும் ஆட்டம். ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ இரண்டு நாள் தீவே விடுமுறை எடுத்துக்கொள்ளும், குடும்பங்கள் கடற்கரையில் கூடாரமடிக்கும். முதல் நாள் விடுதலை நாள். இரண்டாம் நாள் நெடுங்காலம் ஆங்கிலத் தளபதி சாமர்ஸ் பெயரில் இருந்தது. 2020இல் அதை மேரி பிரின்ஸ் நாள் என்று மாற்றினார்கள். சந்தையில் விற்கப்பட்ட பெண்ணின் பெயரில் இன்று ஊர் விடுமுறை.

1849இல் மடெய்ராத் தீவிலிருந்து ‘கோல்டன் ரூல்’ என்ற கப்பலில் 58 போர்த்துகீசியர் வந்து இறங்கினார்கள். பின்னால் அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் வந்தார்கள். வேளாண்மைக்கென்று ஒப்பந்தத்தில் வரவழைக்கப்பட்டவர்கள் இவர்கள். பெர்முடா வெங்காயம் நியூயார்க் சந்தையில் கொடிகட்டிப் பறந்த காலத்தின் பின்னே இவர்கள் உழைப்பு நிறைய உண்டு. பெர்முடாக்காரருக்கே ‘வெங்காயம்’ என்ற செல்லப்பெயர் நிலைத்துவிட்டது. பிறகு டெக்சாஸ் விவசாயிகள் அதே வகையைப் பயிரிட்டார்கள், அமெரிக்காவின் சுங்கவரியும் சேர்ந்து அந்த வாணிபத்தைச் சாய்த்தது. போர்த்துகீசியர் நிலம் வாங்கவும் குடியுரிமை பெறவும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவர்களுடைய சிவப்பு பீன்ஸ் சூப் இப்போது எல்லாருடைய வீட்டிலும் கொதிக்கிறது. கறுப்பினப் பெண்களின் வாழ்வைத் தொகுத்து நெல்லி மசன் 1979இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே வெங்காய விதை இருக்கிறது. துவைத்தும் தைத்தும் விதை காத்தும் குடும்பம் நடத்திய பெண்களைத் தேடித் தேடி அவர் எழுதினார். அந்த நூலை நம் நூலகங்கள் வாங்கிவைக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வெங்காயம் சாய்ந்த இடத்தில் சுற்றுலா எழுந்தது. அதன் விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுக்கவில்லை. தீவின் கிழக்கே டக்கர்ஸ் டவுன் என்றொரு ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், விவசாயமும் மீன்பிடியும் தொழில், சொந்த நிலம், சொந்த வீடு, தேவாலயம், கல்லறை எல்லாம் இருந்த ஊர். ஃபர்னஸ் வித்தி என்ற கப்பல் கம்பெனி அங்கே பணக்காரப் பயணிகளுக்காகக் கோல்ஃப் மைதானமும் மனமகிழ் மன்றமும் அமைக்க விரும்பியது. 1920இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றி, விற்க மறுப்பவர் நிலத்தையும் எடுத்துக்கொள்ள வழி செய்தது. பலர் மனுப் போட்டார்கள், பலன் இல்லை. கடைசிவரை வீட்டை விட்டு நகர மறுத்தவர் டின்னா ஸ்மித் என்ற பெண்மணி. 1923இல் அவரை வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். கல்லறைத் தோட்டம் மட்டும் மைதானத்துக்குள் நின்றுவிட்டது.

இழப்பீடு கொடுத்தார்களே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். ஒரு வீட்டின் கல்லை அறுத்தவரும் அதில் பிறந்தவரும் இறந்தவரும் அடங்கிய இடத்துக்கு எந்த மதிப்பீட்டாளர் விலை போட முடியும்? தன் நிலத்திலேயே கல் வெட்டித் தன் கூரை மழையைத் தானே குடித்தவருக்கு, அந்த நிலத்திலிருந்து எழுப்புவது என்பது நீரையும் சேர்த்துப் பறிப்பது. இந்த நில இழப்புகளை விசாரிக்க 2019இல் ஒரு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பேரப்பிள்ளைகள் ஆணையத்தின் முன் வந்து, வீட்டில் கேட்ட கதைகளைச் சாட்சியமாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் வழங்கிய கதை அரசு ஆவணமாக மாறியதை நான் மிக முக்கியமான நிகழ்ச்சியாகக் கருதுகிறேன்.

1941இல் இன்னொரு பெயர்ச்சி. உலகப்போர்க் காலத்தில் பிரிட்டன் அமெரிக்காவுக்கு 99 ஆண்டுக் குத்தகையில் தளங்கள் கொடுத்தபோது, செயின்ட் டேவிட்ஸ் தீவின் பெரும்பகுதியும் அதில் போயிற்று. மீன்பிடித்து, நாட்டு மருந்து செய்து, தமக்கென்று ஒரு பேச்சு வழக்கோடு வாழ்ந்த மக்களை ஒரு மூலைக்கு நகர்த்தினார்கள். கடலைத் தூர்த்து ஓடுபாதை போட்டார்கள். இன்று பெர்முடாவில் இறங்கும் விமானங்கள் அந்த நிலத்தில்தான் இறங்குகின்றன.

அதே பத்தாண்டில் தீவின் செடார்களும் போயின. வெளியிலிருந்து வந்த செதில்பூச்சிகள் 1940களின் நடுவில் பரவத் தொடங்கி, பத்தே ஆண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மரங்களைக் கொன்றன. கூரைச் சட்டமும் கப்பலும் பெட்டியும் சவப்பெட்டியும் அதுவரை அந்த மரம்தான். காற்றைத் தடுக்க அவசரமாகக் கொண்டுவந்து நட்டது நமக்கு நன்கு தெரிந்த சவுக்கு. விரைவாக வளர்ந்தது, புயலில் விரைவாகச் சாய்ந்தும் விழுந்தது. தப்பிய செடார்களின் விதையிலிருந்து இப்போது மறுபடி கன்றுகள் வளர்த்து வருகிறார்கள்.

போக்குவரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1908இல் தீவில் மோட்டார் காரைச் சட்டம் தடை செய்தது. சைக்கிளும் குதிரை வண்டியும் படகும்தான். 1931இல் ரயில் வந்தது. குலுங்கிக் குலுங்கி ஓடியதால் மக்கள் அதைக் கேலிப் பெயரால் அழைத்தார்கள், ஆனாலும் விரும்பிப் போனார்கள். 1946இல் காருக்கு அனுமதி, வீட்டுக்கு ஒரு கார் என்ற கட்டுப்பாட்டோடு. 1948இல் ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தோடு பிரிட்டிஷ் கயானாவுக்கு விற்றுவிட்டார்கள். பாதை இன்று நடைபாதை.

இனி வாக்குரிமை. அதையும் வீட்டுப் பொருள் ஒன்றிலிருந்துதான் சொல்லப்போகிறேன். கிளாடிஸ் மோரல் என்ற பெண்மணியும் அவருடைய தோழியரும் சொத்து வைத்திருந்தார்கள், வரி கட்டினார்கள். ஆனால் வாக்கு மட்டும் ஆண்களுக்கு. வாக்கு இல்லையென்றால் வரியும் இல்லை என்று ஊர்வரியைக் கட்ட மறுத்தார் மோரல். அதிகாரிகள் வந்து அவர் வீட்டு மேசையை எடுத்துப்போய் ஏலம் விட்டார்கள். ஆண்டுகள் பல போராடி 1944இல் பெண்களுக்கு வாக்கு கிடைத்தது. ஆனால் சொத்துள்ள பெண்களுக்கு மட்டுமே. நிலமில்லாத கறுப்பின மக்களில் பெரும்பாலோர், ஆணோ பெண்ணோ, இன்னும் வெளியேதான் நின்றார்கள்.

1959 வரை திரையரங்குகளில் வெள்ளையருக்குத் தனி இடம், கறுப்பருக்குத் தனி இடம். ஓட்டல்களிலும் அப்படியே. அந்த ஆண்டு ஜூன் மாதம் ஊரெங்கும் துண்டறிக்கைகள் ஒட்டப்பட்டன. 15ஆம் தேதி முதல் யாரும் படம் பார்க்கப் போகாதீர்கள் என்று அவை கேட்டுக்கொண்டன. யார் ஒட்டியது என்று எவருக்கும் தெரியவில்லை. மக்கள் போகவில்லை. தலைநகர் ஹாமில்டனில் அரங்க வாசலில் மாலைதோறும் கூட்டம் கூடியது, பேச்சுகள் நடந்தன. அரங்குகள் மூடின. ஜூலை 2ஆம் தேதி திறந்தபோது இருக்கைப் பிரிவினை போய்விட்டது, ஓட்டல்களும் வழிக்கு வந்தன. கல் எறியாமல், கண்ணாடி உடையாமல், பதினெட்டு நாளில் முடிந்த போராட்டம். 1968இல் அனைவரும் சமமாக வாக்களித்த முதல் தேர்தலுக்கு அது வழி திறந்தது.

துண்டறிக்கை ஒட்டியவர்கள் இளம் தம்பதியரும் ஆசிரியர்களும் தொழிலாளர்களுமான ஒரு சிறு குழு. பெயர் வெளிவந்தால் வேலையும் வீட்டுக் கடனும் போய்விடும் என்பதால் ஒரு வீட்டில் இரகசியமாகக் கூடினார்கள். வெற்றிக்குப் பிறகும் பெயரைச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டு கழித்து 1999இல்தான் தங்களை வெளிக்காட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஃபுளோரென்ஸ் வெப் மேக்ஸ்வெல். வாழ்நாள் முழுவதும் நூலகராகப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு, முதிர்ந்த வயதில், அந்தப் பதினெட்டு நாளை ஒரு பள்ளிச் சிறுமியின் கண்வழியே இளையோருக்கான நாவலாக எழுதினார். 2017இல் அது வெளிவந்தது.